ஒண்ணாம் நம்பர் போர்ஷன்

முசியே சுப்பராயனுக்கு வாய்த்த மூளை புதுச்சேரியில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். அதற்கு வேறு சாட்சி எதுவும் அவர் தேடியதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில், பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்து கை தேய எழுதியவர். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாகிற முசியே பட்டத்தை மட்டும் இவர் கழற்றவில்லை. முதலியார்பேட்டையில் மாமனார் சொத்தாக வந்த நீளமான ஓட்டு வீட்டை ஆறாகத் தடுத்து, ஆறு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாமனார் சம்பாதித்த வீட்டில் மருமகன் காட்டிய கெட்டிக்காரத்தனம் அந்த ஐந்து தடுப்புச் சுவர்கள்தான்.

அந்த ஆறு குடித்தனங்களில் ஒன்று தையல்நாயகியுடையது. அவளுக்கு முசியேவைக் கண்டால் கோபம் வராது. ஒருத்தர் மேல் கோபம் வருவதற்கு அவர் கொஞ்சமாவது பெறுமானம் உள்ளவராக இருக்க வேண்டும். அவளுக்கு வந்ததெல்லாம் இளக்காரம்தான். கேட் வாசலில் அவருடைய ரிக்‌ஷா மணி கேட்டாலே அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். புருஷன் கண்ணையன், “வீட்டுக்காரர்டி, மூஞ்சிய நேரா வெச்சிக்க” என்று கெஞ்சுவான்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒரு கேட். உள்ளே நுழைந்தால் நீளமாக ஒரு நடை; அதன் ஒரு பக்கம் வரிசையாக ஆறு கதவுகள். முதல் போர்ஷனுக்கு மட்டும் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் உண்டு. ஆறாவது போர்ஷன் கடைக்கோடியில், கிணற்றையும் கக்கூசையும் ஒட்டி இருந்தது. ஒவ்வொரு கதவுக்கு மேலும் வெள்ளை எண் எழுதிய ஒரு நீலத் தகடு, இரண்டு திருகாணி போட்டு முடுக்கியிருக்கும். தகடு ஆறும் முசியே ஆர்டர் கொடுத்துச் செய்வித்தவை. ஓட்டை ஓட்டுக்கு ஒரு ஓடு வாங்கிப் போடாத மனுஷர், தகட்டுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்திருந்தார்.

செலவு செய்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு குடித்தனக்காரன் ஒரே கதவுக்குள் பன்னிரண்டு மாதம் முழுசாகத் தூங்கி எழுந்துவிட்டால் அந்த இடம் அவனுக்கே போய்விடும் என்று முசியே எங்கோ கேட்டு நம்பிவிட்டார். எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று அவரிடம் கேட்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. பதினோரு மாதத்தில் ஆளைக் காலி பண்ணச் சொல்லலாம்தான். ஆனால் புது ஆள் கிடைக்கும்வரை போர்ஷன் சும்மா கிடக்கும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பதினோராவது மாதம் முடிகிற அன்றைக்கு ஒன்றாம் நம்பர்காரர்கள் இரண்டுக்குப் போக வேண்டும், இரண்டு மூன்றுக்கு, அப்படியே போய் ஆறாம் நம்பர் சுற்றிக்கொண்டு ஒன்றுக்கு வர வேண்டும். ஆறு பேருக்கும் புதுப் பத்திரம். எல்லாப் பத்திரத்திலும் ஒரே வாசகம்தான். எண்ணுக்கும் பேருக்கும் மட்டும் இடம் விட்டு எழுதி வைத்திருப்பார்.

இதை அவர் பேப்பரில் எழுதிவிட்டுப் போய்விடுவார். சட்டி பானையைத் தூக்குகிறவர்கள் யார்? ஆறு குடும்பமும் ஒரே நாளில் மாற வேண்டுமென்றால் ஆறு வீட்டுச் சாமானும் முதலில் வெளியே வந்தாக வேண்டும். நடையில் கால் வைக்க இடமிருக்காது. இவர்கள் கட்டில் மேல் அவர்கள் அம்மிக்கல், அவர்கள் சாமி படத்தின் மேல் இவர்கள் செருப்பு. ஒரு வருஷம் ஐப்பசி மழையில் ஆறு வீட்டுப் பாயும் ஒன்றாக நனைந்தன. இன்னொரு வருஷம் நாலாம் நம்பர் ஆதிலட்சுமியின் ஊறுகாய் ஜாடி உடைந்து நடை முழுக்க எண்ணெய். முசியே ரிக்‌ஷாவை விட்டு இறங்க மாட்டார். ரிக்‌ஷாக்காரர் குப்பன்தான் உள்ளே போய்த் தகட்டையும் பேரையும் சத்தம் போட்டுப் படிப்பார். முசியே கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தபடியே பத்திரத்தோடு சரிபார்த்து ‘டிக்’ போடுவார்.

எழுபத்தைந்தில் மூன்றாம் நம்பரில் குடி வந்த தையல்நாயகி, நாலு தடவை மூட்டை தூக்கி எழுபத்தெட்டு கடைசியில் ஒன்றாம் நம்பருக்கு வந்து சேர்ந்தாள். அவள் விட்டுப் போகிற இடத்துக்கு ஒவ்வொரு முறையும் பின்னாலேயே வந்தவள் அஞ்சம்மாள். வீராம்பட்டினத்துக்காரி, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தலையில் மீன் கூடை மட்டும் உண்டு. “நீ புடிச்ச கரிய நானே எத்தினி தரம்டி தேய்க்கிறது?” என்று ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே தையல்நாயகியின் அடுப்படியைத் தேய்ப்பாள்.

ஒன்றாம் நம்பருக்கு வந்த இரண்டாவது மாதம் மில்லில் கண்ணையன் வேலை செய்த தறிப் பிரிவை மூடினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் தையல்நாயகி அந்தப் பெரிய ஜன்னலைத் திறந்து, அதன் கட்டையைத் துடைத்து, ஆப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள். விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைகள், பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஜன்னல்தான் வழி. ஆப்பமும் தேங்காய்ப்பாலும். ஆறே வாரத்தில் கண்ணையன் மாவாட்டுகிறவனாக மாறிவிட்டான். யூனியன் கூட்டத்தில் மைக் பிடித்த கை ஆட்டுக்கல்லைப் பிடித்தது. வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

வீட்டில் வியாபாரம் செய்யக்கூடாது என்று பத்திரத்தில் இருந்தது. அதனால் ஒன்பது மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவிடுவாள். முசியே பத்து மணிக்கு முன்னால் வந்ததே கிடையாது.

வாடகை வாங்குகிற ஒரு அஞ்சாம் தேதி முசியேவோடு இன்னொருத்தரும் வந்தார். அரியாங்குப்பத்தில் புதிதாக நாலு போர்ஷன் கட்டியிருந்த இராமதாஸ் என்பவர். வீடு வாடகைக்கு விடுகிற கலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். முசியே தெருவில் நின்றபடியே பாடம் நடத்தினார். சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தையல்நாயகி ஆப்பச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குரலைத் தாழ்த்தியிருக்க மாட்டார்.

“மொத விஷயம், கேட்டத் தாண்டி உள்ள போகாதீங்க. போனா ஒழுகற கூரை கண்ணுல படும். பட்டா மாத்தணும். கண்ணுல படாத ரிப்பேரு ரிப்பேரே இல்ல.”

“சரிங்க” என்றார் இராமதாஸ்.

“பேரு பத்திரத்தோட நிக்கட்டும், வாயால கூப்பிடாதீங்க. நம்பர் போதும். பேரு சொல்லிக் கூப்பிட்டா, புள்ளைக்கு ஜொரம் விட்டுதான்னு கேக்கத் தோணும். அப்புறம் அஞ்சாந்தேதி எட்டாந்தேதி ஆவும். நான் இவங்க மூஞ்சியக்கூடப் பாக்கறதில்ல. எல்லாம் ஒரே மூஞ்சி.”

“வெள்ளையடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டா?”

“‘உங்க வீடு மாதிரி நெனைச்சு நீங்களே அடிச்சிக்குங்க’ன்னு பாசமா சொல்லுங்க. சந்தோஷமா அடிப்பான். கெணத்துக்கு ஒரே ஒரு வாளி வாங்கிப் போடுங்க. ஒரு வாளின்னா அவங்களுக்குள்ளயே அடிச்சிக்குவாங்க. ரெண்டு வாளி போட்டா ஒண்ணு சேந்து உங்ககிட்ட வருவாங்க. அப்புறம் இந்த மாத்திக் குடிவெக்கறது இருக்கே, அதான் எல்லாத்துக்கும் மேல. வேரு புடிக்க விடக்கூடாது சார். புடிச்சா புடுங்க முடியாது.”

இராமதாஸ் ஒரு டயரியில் குறித்துக்கொண்டார். தையல்நாயகி சாம்பல் கையோடு எழுந்து போய் நடையோரச் சாக்கடையில் காறித் துப்பிவிட்டு வந்தாள். அன்றைக்கு அந்தச் சட்டி பளபளவென்று தேய்ந்தது.

ஆனால் துப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா? ஆவணியில் பதினோரு மாதம் முடிகிறது. இரண்டாம் நம்பரில் ஜன்னல் கிடையாது. இருந்தாலும் நடையைப் பார்த்துத்தான் இருக்கும். நடையில் யார் வந்து ஆப்பம் வாங்குவார்கள்? ஒன்றாம் நம்பர் திரும்பக் கைக்கு வர நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை மூன்று வயிறு? மகள் ஒன்பதாவது படிக்கிறாள். தையல்நாயகி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜன்னலுக்காகத் தூக்கம் கெட்டாள்.

அடுத்து ஒன்றாம் நம்பருக்கு வர வேண்டியவள் அஞ்சம்மாள். அவளிடம் கேட்பதற்கு நாலு நாள் மென்று விழுங்கினாள். தெருவைப் பார்த்த போர்ஷனை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? ஐந்தாவது நாள் கிணற்றடியில் வைத்துக் கேட்டுவிட்டாள். அஞ்சம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

“எனக்கு எதுக்குடி தெருவு? கெணத்தடிய விட்டுட்டு நான் கூடைய எங்க கழுவறது, முசே தலையிலயா? கருவாட்ட எங்க காயப் போடறது? வாசன வருதுன்னு தெருவே கூடிரும். நானே உன்னக் கேக்கணும்னு இருந்தேன்.”

“அப்ப மாறாம இருந்துடலாமாக்கா?”

“மாறலன்னா அந்தாளு தொரத்திருவானே.”

அதற்கு வழி சொன்னவன் இரண்டாம் நம்பர் பாவாடை. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவனும் சும்மா சொல்லவில்லை. சொந்தச் செலவில் பரண் போட்டிருந்தான், அதை விட்டுப் போக மனசில்லை. ஆதிலட்சுமி தன் அறையில் மழை ஒழுகாத ஒரே மூலையைக் கண்டுபிடித்து அங்கே தொட்டில் கட்டியிருந்தாள். கேட்கப் போனால் ஆறு வீட்டிலும் ஒருத்தருக்கும் நகர இஷ்டமில்லை.

“ஆறு வீட்டு சாமானத் தூக்கறதவிட பன்னெண்டு திருகாணியக் கழட்டறது சுலபம்க்கா” என்றான் பாவாடை. “மனுசங்க இருக்கற எடத்துல இருக்கட்டும். தகட்ட மாத்திருவோம்.”

கண்ணையன்தான் தயங்கினான். மாவு ஒட்டிய கையோடு நின்று, “மோசடியாப்புடுமே” என்றான்.

“என்னா மோசடி?” என்றாள் தையல்நாயகி. “அந்தப் பத்திரத்த எடுத்துப் படி. ‘இரண்டு என்று எண்ணிட்ட போர்ஷன்’னுதான எழுதியிருக்கார்? எண்ணு நம்ம கதவு மேல இருக்கும். எந்தப் பக்கம் கெணறு, எந்தப் பக்கம் தெருவுன்னு அவர் எழுதல. உள்ள வந்து பாத்திருந்தா எழுதியிருப்பார்.”

ஆவணி மாதத்தில் அந்த நாள் வந்தது. பாவாடை பத்தே நிமிஷத்தில் ஆறு தகட்டையும் கழற்றி மாட்டினான். தையல்நாயகியின் கதவுக்கு மேல் இரண்டு, பாவாடைக்கு மூன்று, அப்படியே போய், கக்கூசை ஒட்டிய அஞ்சம்மாள் கதவுக்கு மேல் ஒன்று. கதவுகள் நடையைப் பார்த்து இருந்ததால் கேட்டில் நின்றால் ஒரு தகடும் தெரியாது. சத்தம் வேண்டுமே என்று ஆதிலட்சுமி இரண்டு பாத்திரத்தை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதினாள். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம். தலையணையைத் தூக்கிக்கொண்டு நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடின.

குப்பன் உள்ளே வந்தார். முதல் கதவைப் பார்த்தார். மேலே இரண்டு, கீழே அதே தையல்நாயகி, அதே அடுப்பு. ஆறு கதவையும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெயிலில் மணிக்கணக்காகக் காக்க வைத்துவிட்டு ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்காத முசியேவுக்கு அவர் ஆறு வருஷமாக மிதிக்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமி உரக்கப் படித்தார்.

“ஒண்ணு, அஞ்சம்மா! ரெண்டு, தையல்நாயகி! மூணு, பாவாடை!”

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முசியே வெளியே உட்கார்ந்து ‘டிக்’ போட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் சுகமாகப் போனது. தை பிறந்ததும் அஞ்சம்மாளுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. முசியேவின் மகள் வசந்தாவின் புருஷனுக்குச் சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு மாற்றல். வசந்தாவுக்குத் தெருவைப் பார்த்த வீடுதான் வேண்டுமாம். சொந்தக் குடும்பத்தின் தேவைக்காக ஒன்று என்று எண்ணிட்ட போர்ஷனை அஞ்சம்மாள் காலி செய்ய வேண்டும் என்று முசியே கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். மனுவைக் கண்ணையன் உரக்கப் படித்தான். இன்ன தேதியில் மேற்படி அஞ்சம்மாள் ஒன்றாம் எண் போர்ஷனுக்கு மாறி, அது முதல் அதில் குடியிருந்து வருகிறாள். இது சத்தியம் என்று முசியே கையெழுத்துப் போட்டிருந்தார்.

தையல்நாயகி அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்த ஆளுக்கு வேண்டியது அவளுடைய ஜன்னல்; சிக்கிக்கொண்டது அஞ்சம்மாள். தகட்டை மாற்றியது முக்கால்வாசி தன் அடுப்புக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். கிணற்றடி, கருவாடு என்று அஞ்சம்மாள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வாய் திறந்து கேட்டவள் தான்தானே. அந்த வெட்கம் அவளை இரண்டு நாள் தின்றது. மூன்றாவது நாள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு அஞ்சம்மாள் கதவில் போய் நின்றாள்.

“அக்கா, நான் கோர்ட்டுல போய் உள்ளதச் சொல்லிர்றேன். தெருப்பக்கம் இருக்கறது நாந்தான்னு. நீ ஏன் என்னால தெருவுல நிக்கணும்?”

அஞ்சம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சொல்லிட்டு? ஜன்னல அவன் பொண்ணுக்குக் குடுத்துட்டு நீங்க மூணு பேரும் நடுத்தெருவுல நிப்பீங்க. நான் ஒண்டிக்கட்ட. என் சாமான் ஒரு கூட, ஒரு ட்ரங்குப் பெட்டி. அவன் என்னா கேக்கறான்? ஒண்ணாம் நம்பர் கேக்கறான். குடுத்துருவோம்டி. எழுதிக் கேக்கற மனுசனுக்கு எழுதினதக் குடுக்கறதுல என்னா?”

“நீ எங்க போவ?”

“உன் வீட்டுல மூல இல்லியா?”

தையல்நாயகி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அஞ்சம்மாள் அவள் முதுகில் ஒரு அடி வைத்து, “போடி, மாவு புளிச்சிரும்” என்று அனுப்பி வைத்தாள்.

கோர்ட்டில் அஞ்சம்மாள் ஒரே ஒரு தடவை போய் நின்றாள். ஒன்றாம் நம்பர் போர்ஷனை விட்டுவிடத் தனக்குச் சம்மதம், கொஞ்சம் டைம் மட்டும் வேண்டும் என்றாள். வழக்கு நடக்கிற போர்ஷனை நகர்த்தக்கூடாதென்று முசியே அந்த வருஷம் யாரையும் மாறச் சொல்லவில்லை. வழக்கு முடியும்வரை பன்னிரண்டு மாதக் கணக்கும் ஓடாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். இழுத்து இழுத்துக் கடைசியில் உத்தரவு வந்தது. அந்த உத்தரவை நிறைவேற்றுகிற கோர்ட் சிப்பந்தியான அமீனா வருவதற்கு முதல் நாள் அஞ்சம்மாள் தன் ட்ரங்குப் பெட்டியைத் தையல்நாயகியின் அடுப்படி மூலைக்குக் கொண்டுவந்து வைத்தாள். கரி பிடித்த சுவரைப் பார்த்து வழக்கம்போலத் திட்டினாள்.

எண்பத்தொன்று பங்குனியில் ஒரு காலை பத்து மணிக்கு முசியே வந்து இறங்கினார். ஜரிகை வேட்டி, கையில் புதுப் பூட்டு. கூடவே கோர்ட் அமீனா, காக்கிப் பையில் உத்தரவோடு. சாட்சிக் கையெழுத்துக்கு அரியாங்குப்பத்து இராமதாஸ். சிஷ்யனுக்கு இதையும் காட்டிவிட வேண்டாமா? உற்சாகத்தில் முசியே தன் முதல் பாடத்தையே மறந்துபோய்க் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். முதல் கதவுக்கு நேரே போய் நின்று கையை நீட்டினார்.

“இதான் சார். ஆள வெளிய அனுப்புங்க.”

அமீனா நிமிர்ந்து தகட்டைப் பார்த்தார்.

“இது ரெண்டாச்சேங்க.”

“ரெண்டா?”

“ரெண்டுதான் போட்டிருக்கு. எனக்கு ஒண்ணுக்குத்தான் உத்தரவு.” அமீனா நடையில் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைக்கோடியில் நின்று, “தோ, இங்க இருக்கு ஒண்ணு” என்று கூப்பிட்டார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாமான் இல்லை. பக்கத்துக் கக்கூசின் வாடையும், காய்ந்த கருவாட்டின் வாடையும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. இராமதாஸ் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“இதுங்களா முசே ஒண்ணாம் நம்பர்? மகளுக்கு இதையா கேட்டீங்க?” என்றார் அவர். குத்திக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

முசியேவின் முகம் கறுத்தது. “தகட்ட மாத்தியிருக்காங்க! ஃபிராடு! ஒண்ணு தெருப்பக்கம் சார், இவங்க மாத்தி மாட்டியிருக்காங்க!”

“எப்ப மாத்தினாங்க?” என்று அமீனா கேட்டார். அவருக்கு இன்னும் இரண்டு இடம் போக வேண்டியிருந்தது.

முசியே குப்பனைக் கூப்பிட்டார். “ஏய் குப்பா, நீதானடா உள்ள வந்து பாத்த? சொல்லு!”

“படிக்கச் சொன்னீங்க முசே, படிச்சேன்” என்றார் குப்பன். “ஒண்ணு அஞ்சம்மா, ரெண்டு தையல்நாயகி. நீங்கதான டிக்கு போட்டீங்க.”

தையல்நாயகி இதற்குள் தன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தாள். கையில் ஆப்பக்கரண்டி. அன்றைக்கு அவள் ஒளிக்கவில்லை.

“ஆமா முசே, மாத்தினோம்” என்றாள். “ஆளுங்க மாறல, தகடுதான் மாறிச்சி. அத அப்பிடியே ஒரு பேப்பர்ல எழுதி அமீனா சார்கிட்டக் குடுத்துருங்க. எழுபத்தெட்டுலேந்து இந்த ஆறு பேரும் இருந்த எடத்துலயே இருக்காங்க, ஒருத்தரும் பதினோரு மாசத்துல நகரல, ரெண்டரை வருஷமா அவங்கவங்க கதவுலதான் தூங்கி எழுந்திரிக்கிறாங்கன்னு எழுதுங்க. அஞ்சம்மா ஒண்ணுக்கு மாறினான்னு நீங்க கோர்ட்டுல சத்தியம் பண்ணீங்களே, அது பொய்யின்னும் சேத்து எழுதுங்க. நாங்க ஆறு பேரும் சாட்சி போடறோம்.”

நடையில் மற்ற கதவுகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாவாடை கடைக்குப் போகாமல் நின்றிருந்தான். ஆதிலட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முசியே அமீனாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். எழுதினால், தான் இத்தனை வருஷம் பயந்து பயந்து காத்துவந்த சொத்து, தான் நம்பியபடியே அந்த ஆறு பேருக்குமாகப் போய்விடும். எழுதாவிட்டால் கையில் இருப்பது கக்கூசை ஒட்டிய அறை. அவ்வளவு பெரிய மூளைக்கு அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம் பிடித்தது.

“என்னாங்க, போர்ஷன வாங்கிக்கிறீங்களா, இல்ல வேணாம்னு எழுதித் தர்றீங்களா?” என்று அமீனா கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்தப் பேனாவுல மை இல்ல” என்றார் முசியே.

அமீனா தன் பேனாவைக் கொடுத்தார். ஒன்று என்று எண்ணிட்ட போர்ஷனைக் காலியாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் முசியே சுப்பராயன் கையெழுத்துப் போட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்து வளைவு சுழிவெல்லாம் அந்தக் கையெழுத்தில் அப்படியே இருந்தது. இராமதாஸ் சாட்சி போட்டார். டயரியை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பூட்டைப் போட்டுவிட்டு முசியே திரும்பி நடந்தார். முதல் கதவுக்கு வந்ததும் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“அந்த மீன்காரி எங்க ஓடிப் போனா?”

“ஓடறதுக்கு அவ என்னா திருடியா?” என்றாள் தையல்நாயகி. “ஒரு ஒண்டிப் பொம்பளைய வெளிய தள்ளறதுக்கு ஒரு வருசம் கோர்ட்டுக்கு நடந்தீங்களே முசே. அவ எந்தக் கதவுல இருக்கான்னு ஒருநாள், ஒரே ஒருநாள் உள்ள வந்து பாத்தீங்களா?”

அவளுக்குப் பின்னால், ஜன்னல் போர்ஷனுக்குள்ளிருந்து, அஞ்சம்மாள் வெற்றிலை எச்சிலோடு குரல் கொடுத்தாள். “ஏண்டி, அந்தாளுகிட்ட என்னா பேச்சு? தேங்கா துருவித் தரவா வேணாமா?”

முசியே உள்ளே பார்த்தார். தெருவைப் பார்த்த அந்தப் பெரிய ஜன்னலுக்குக் கீழே, தான் காலி பண்ணிவிட்ட அஞ்சம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகி கரண்டியோடு நடையின் நடுவிலேயே நின்றாள். அவருக்கு வழிவிட்டு அவள் ஒதுங்கவில்லை. முசியேதான் ஜரிகை வேட்டியில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்ட, பக்கவாட்டாக நகர்ந்து கேட்டைப் பார்த்துப் போனார்.